பிழை எதுவும் இல்லை

ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், இன்னொரு கையில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் அழைப்பு மணி. என் நாத்தனார் அதன் முதுகைத் திருகித் திறந்தாள். காசு வடிவப் பேட்டரியைக் கவிழ்த்து எடுத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதன்மேல் வைத்து, எண்ணைச் சொல்லிவிட்டு மூடினாள். அடுத்ததை எடுத்தாள். புதன்கிழமை சாயங்காலம், என் சமையலறை மேசையில், செய்தித்தாள் விரித்து இந்த வேலை நடந்தது. மொத்தம் ஏழு மணிகள். எல்லாம் முதியோர் பராமரிப்பு இல்லத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தவை. அவற்றின் இடத்தில் உதிரி மணிகளை மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"மூணு வோல்ட். இதுவும் மூணு. நாசமாப் போக, எல்லாமே நல்லா இருக்கே."

"நல்லா இருந்தா சந்தோஷப்படணும். எதுக்குச் சாபம் விடுற?"

"ஒண்ணாவது கெட்டிருக்கணும் அண்ணி. பதினேழாவது கெட்டிருக்கணும். அது இருக்கிறதுலயே நல்லா இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாத முகம். ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தேன். அதன்மேல் ஒரு மணியைத் திறந்து வைத்தாள்.

எங்கள் குடும்பத்தில் இவளுக்குப் பம்பரம் என்று பெயர். என் கணவர்தான் வைத்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சில் ஒரு பாடவேளை உட்கார்ந்ததில்லையாம். பிறகு காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்தாள். அங்கே முதல் கணினி வந்து இறங்கிய வாரம், மற்றவர்கள் அதைத் தொடப் பயந்து துணி போட்டு மூடி வைத்திருந்தபோது, இவள் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டாள். தண்டனையாக அந்தக் கணினியோடேயே உட்கார்ந்து வேலை செய் என்று மாற்றிவிட்டார்கள். கரும்பு தின்னக் கூலி. மாலை வகுப்புக்குப் போய் நிரல் எழுதக் கற்றாள். ஒரு கம்பெனியில் இருபது வருஷம் எழுதினாள். அவள் கணவர் காலமானார், கம்பெனியும் அந்தப் பிரிவை மூடியது. இரண்டும் ஒரே வருஷத்தில். ஐம்பத்திரண்டு வயதில் என் வீட்டு மாடிக்குக் குடிவந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். இப்போது ஐம்பத்தாறு.

அந்த இல்லத்துக்கு அவளை இழுத்துப் போனது நான்தான். அப்போது அங்கே நான் தலைமைச் செவிலி. ஒருநாள் என்னை அழைத்துப்போக வந்தவள் தாழ்வாரத்தில் நின்றாள். ஏதோ ஓர் அறையில் மணி அடித்தது. எந்த அறை என்று தெரியாமல் இரண்டு பணிப்பெண்கள் எதிரெதிர்த் திசையில் ஓடினார்கள். "இது என்ன கூத்து?" என்றாள். மூன்று மாதத்தில் புதிய மணி தயாரானது. தலையணைப் பக்கம் ஒரு பொத்தான். அமுக்கினால், நான்கைந்து படுக்கைக்கு ஒன்று என்று தாழ்வாரச் சுவரில் இருக்கும் பெட்டிக்குக் கம்பியில்லாமல் சேதி போகும். பெட்டியிலிருந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கணினிக்குப் போகும். அங்கிருந்து செவிலியர் மேசைத் திரையில் படுக்கை எண் வரும். முப்பத்தெட்டுப் படுக்கை. பணிப்பெண்கள் அவளைப் பெல்லக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணி சுமாருக்குப் பதினேழாம் படுக்கைக்காரர் கழிப்பறைக்குப் போகத் தானாக இறங்கி விழுந்துவிட்டார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மணிக்கட்டு பிசகியது, நெற்றியில் நான்கு தையல். மூன்று தடவை மணியை அமுக்கினேன், யாரும் வரவில்லை என்றார். பணியில் இருந்தவள் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பணிப்பெண். மணி வரவே இல்லை என்றாள். யாராவது ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பம்பரத்தின் மணி சொல்லியிருக்க வேண்டும். மூவரில் யார் என்பதுதான் கேள்வி.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் நெட்டை. பணி முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். குனிந்து உள்ளே வந்தாள். எங்கள் வீட்டு நிலைப்படி அவளுக்குப் பத்தாது.

"சிஸ்டரம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நான் நாலு தடவை படிச்சிட்டேன். ஒவ்வொரு தடவையும் என் மேலதான் தப்புன்னு வருது."

இல்லத்தின் மேலாளர் கொடுத்த மெமோ. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுச் சத்தமாகப் படித்தேன். பணியில் அலட்சியம், அழைப்பு வந்தும் செல்லாதது, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விளக்கம் தரவேண்டும், தவறினால் பணிநீக்கம். நடுவில் ஒரு வரி: 'அழைப்பு மணி அமைப்பின் பதிவுகள் சரிபார்க்கப்பட்டன. அதைப் பராமரிப்பவர், பதிவில் பிழை எதுவும் இல்லை என எழுத்துமூலம் தெரிவித்துள்ளார்.'

ஸ்க்ரூடிரைவர் மேசையில் உருண்டது. பம்பரம் அதைப் பிடிக்கவில்லை.

"அது நீங்க எழுதினதுதானே பெல்லக்கா?" என்றாள் நெட்டை. குரலில் சண்டை இல்லை. அதுதான் மோசம். "உங்க பெட்டி பொய் சொல்லாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா சத்தியமா மணி வரலை. நான் மேசைக்கு நேர் எதிர்ல, பன்னெண்டாம் நம்பர் பாட்டிக்கு நகம் வெட்டிட்டு இருந்தேன். வேலை போனாப் போகட்டும். மணி அடிச்சும் போகாதவன்னு பேர் வந்துட்டா, எந்த இல்லத்துல எடுப்பாங்க?"

பம்பரம் ஏழு மணிகளையும் அள்ளிப் பைக்குள் போட்டாள். நெட்டைக்கு நான் டீ கொடுத்து, வெள்ளிக்கிழமை நானும் கூட வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்தித் திரும்பினால் இவள் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

"உட்காரு. தலை சுத்துது எனக்கு."

"செவ்வாய்க்கிழமை மேலாளர் மெசேஜ் அனுப்பினார். லாக்ல ஏதாவது பிழை இருக்கா பாருங்கன்னு. நான் பல் டாக்டர் கிளினிக்ல இன்னொரு வேலையில இருந்தேன். போன்லயே திறந்து பார்த்தேன். ஒண்ணும் இல்லை. ஒண்ணும் இல்லைன்னு எழுதினேன்."

"சரி. உண்மையைத்தானே எழுதின?"

"அதான் அண்ணி. உண்மைதான்."

பிறகு சொன்னாள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நிரல் ஓடும்போது தன்பாட்டுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே போகும். அதுதான் லாக். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் உண்டு. மிகப் பொடியான சங்கதி டீபக். நடந்ததைச் சொல்வது இன்ஃபோ. கொஞ்சம் கவனி என்பது வார்னிங். கெட்டுப்போனது என்பது எரர். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்லை எழுதி வைத்தால் போதும். அந்தத் தரத்துக்கும் அதற்கு மேலும் உள்ளதை எழுதும். கீழே உள்ளதை விட்டுவிடும். முதலில் இவள் டீபக் என்று வைத்திருந்தாள். முப்பத்தெட்டு மணிகளும் பத்து விநாடிக்கு ஒரு தடவை 'நான் இருக்கிறேன்' என்று பெட்டிக்குச் சொல்லும். அத்தனையும் வரி வரியாக ஏறியது. பதினொரு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியின் வயிறு நிரம்பி நிரல் நின்றுபோனது. நாற்பது நிமிஷம் இல்லத்தில் மணியே இல்லை. மேலாளர் போனில் கத்தினார். இவள் ஆட்டோ பிடித்துப் போய், பழைய லாக் எல்லாவற்றையும் அழித்து, கோபத்தோடு கோபமாக டீபக் என்ற சொல்லை எடுத்துவிட்டு எரர் என்று போட்டுவிட்டு வந்தாள்.

"இப்போதைக்கு இருக்கட்டும்னு போட்டேன்."

அந்த 'இப்போதைக்கு' தொடங்கிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

"அப்போ மணி அடிச்சதுன்னு எங்கேயும் எழுதலையா?"

"மணி அடிக்கிறது இன்ஃபோ. பதினொரு மாசமா ஒரு மணிகூட எழுதலை. நான் பார்த்தது வெத்துக் கோப்பு. வெத்தா இருந்ததால பிழை இல்லைன்னு சொல்லிட்டேன்."

"நாளைக்குக் காலையிலயே போய் மேலாளர்கிட்ட சொல்லிடு."

"என்னன்னு? மணி அடிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுன்னா? அதைக் கேட்டு அவளை விட்டுருவாரா? தெரியலைன்னா அவ சொல்றதும் பொய்யா இருக்கலாம்னுதான் சொல்வார். மணி ஏன் வரலைன்னு எனக்குத் தெரியணும். பேட்டரியும் நல்லா இருக்கு!" மறுபடி ஜன்னலுக்கு நடந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கிழமையில் மட்டும் அங்கே போய் முதியவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். முதல் காரியமாக மாடிப்படிக்குக் கீழே போய் எரர் என்ற சொல்லை டீபக் என்று மாற்றினாள். பிறகு பதினேழாம் படுக்கைக்கு வந்து ஓட்டுநர் ஐயாவிடம், ஒரு நாள் நாற்காலியில் உட்கார முடியுமா, உங்கள் மணியைச் சோதிக்கவேண்டும் என்று கேட்டாள்.

"என் படுக்கையில யாரு படுக்கப் போறது?"

"அண்ணிதான்."

"படுக்கட்டும். ஆனா குறட்டை விடக் கூடாது. நான் விட்டாலே பக்கத்துல இருக்கிறவர் திட்டுறார்." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இதப் பாருங்கம்மா, முப்பத்தோரு வருஷம் ஹாரன் அடிச்சவன் நான். ஒரு மணியை அமுக்கத் தெரியாதா? மூணு தடவை அமுக்கினேன். மூணு தடவையும் சிவப்பு விளக்கு எரிஞ்சுது. விளக்கு எரிஞ்சா யாரோ வர்றாங்கன்னுதானே அர்த்தம்?"

பம்பரம் என்னைப் பார்த்தாள். அந்த விளக்கு மணிக்குள்ளேயே இருப்பது. விரல் பட்டால் எரியும். சேதி போய்ச் சேர்ந்ததா என்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அவர் அதை நம்பி வெகுநேரம் காத்திருந்து, அடக்கமுடியாமல்தான் இறங்கியிருக்கிறார்.

காலை பதினொன்றிலிருந்து நான் படுத்திருந்தேன். கட்டுப் போடும் வேலையை வேறொரு பெண்ணிடம் விட்டேன். இவள் மடிக்கணினியோடு மாடிப்படியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "அமுக்குங்க!" என்றாள். அமுக்கினேன். இடது பக்கம் படுத்து அமுக்கினேன், போர்வைக்குள் வைத்து அமுக்கினேன், ஈரக் கையால் அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் திரையில் பதினேழு வந்தது. செவிலியர் மேசையில் இருந்த பெண் இருபதாவது தடவை எட்டிப் பார்த்து, "சிஸ்டரம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றாள். மதியச் சாப்பாட்டைப் படுக்கையிலேயே தந்தார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு என்ன வியாதி என்று ஓட்டுநரிடம் ரகசியமாகக் கேட்டார்கள். "வயசுதான்," என்றார் அவர்.

இரண்டரை ஆகியும் ஒன்றும் இல்லை. பம்பரம் தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். நெட்டைக்கு அன்று இரண்டாம் தளத்தில் பணி. கீழே வந்தபோதெல்லாம் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். நாளைக் காலை பத்து மணி என்பது மூன்று பேர் தலையிலும் ஓடியது.

மூன்று மணி நான்கு நிமிஷத்துக்கு அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மாடிப்படிப் பக்கமிருந்து சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன்.

"அமுக்குங்க அண்ணி!"

"அமுக்கிட்டேன்டி, ரெண்டு தடவை!"

ஓடி வந்தாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. மடிக்கணினியை என் முழங்கால்மேல் வைத்துத் திருப்பிக் காட்டினாள். வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முதல் பதினான்கு வரை எல்லா மணியும் 'இருக்கிறேன்' என்றன. பத்தொன்பதுக்கு மேலேயும் சொல்லின. பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு இந்த நான்கும் மூன்று மணி இரண்டு நிமிஷத்தோடு நின்றிருந்தன. எங்கள் தாழ்வாரத்தின் கடைசி நான்கு படுக்கை, ஒரே பெட்டியோடு பேசுபவை.

"பெட்டி!" என்று தாழ்வாரத்துக்குப் பாய்ந்தாள். நானும் எழுந்து பின்னால் போனேன்.

சுவரில் இடுப்பு உயரத்தில் இவள் மாட்டிய பெட்டியைக் காணோம். அதன்மேல் ஒட்டினாற்போல ஒரு சலவை வண்டி நின்றது. ஆள் உயரம், மூன்று பக்கமும் இரும்புத் தகடு; மணியின் அலை அதைத் தாண்டிப் போகாது. ஒரு மாதம் முன்பு புதிதாக வாங்கியது. அலமாரிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். பம்பரம் அதைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பிரேக் போட்டிருந்தது.

"யாரு வண்டி இது? யாரு நிறுத்தினது?"

சலவைக்காரர் டீக் கோப்பையோடு கோடியில் இருந்து வந்தார். "என் வண்டிதான். ஏன்மா, வண்டிக்கு என்ன?"

"இங்க ஏன் நிறுத்துனீங்க?"

"வேற எங்க நிறுத்த? நடுவுல நிறுத்தினா சக்கர நாற்காலி போகாதுன்னு திட்டுறாங்க. வாசல்ல நிறுத்தினா வாசலை மறைக்குதுன்னு திட்டுறாங்க. இந்தச் சுவர்ல ஒண்ணும் இல்லை, ஒரு சின்னப் பெட்டிதான். அது யாரையும் திட்டாது. தினம் மூணு மணிக்கு இங்க நிறுத்திட்டு டீ குடிப்பேன்."

"தினமுமா?"

"வண்டி வந்த நாள்ல இருந்து."

"திங்கட்கிழமை?"

"திங்கட்கிழமை மட்டும் டீ கசக்குமா என்ன?"

வண்டியைத் தள்ளச் சொன்னாள். அவர் ஒரு கையால் பிரேக்கை எடுத்து, மறு கையில் டீ சிந்தாமல் நகர்த்தினார். மடிக்கணினியில் பதினைந்தும் பதினாறும் பேச ஆரம்பித்தன. பிறகு பதினேழு. பிறகு பதினெட்டு.

பம்பரம் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்காராதவள்.

"அண்ணி, ஒரு படுக்கையோட மணி முப்பது விநாடி பேசாம இருந்தா நிரலுக்குத் தெரியும். அதுக்கு ஒரு வரி வெச்சிருக்கேன். 'பதினேழு பதில் இல்லை.' நானே எழுதின வரி. அதுக்கு வார்னிங்னு தரம் போட்டேன். குளிக்கக் கூட்டிட்டுப் போகும்போது மணியும் கூடப் போகும், எக்ஸ்ரேக்குப் போகும், அதுக்கெல்லாம் எரர்னு கத்தக் கூடாதுன்னு நெனச்சுப் போட்டேன். நாலு வாரமா தினம் மூணு மணிக்கு நிரல் அதைச் சொல்லிட்டு இருந்திருக்கு. நான்தான் வாயைக் கட்டி வெச்சிருந்தேன்."

முழங்கால் வலித்ததால் நான் பக்கத்தில் உட்காரவில்லை. கையைக் கொடுத்து எழுப்பினேன்.

நான்கு மணிக்கு நெட்டைக்குப் பணி முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே அந்தச் சின்ன அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இப்போதைக்கு என்று போட்டதையும் சொன்னாள். நெட்டை தலை இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்து நின்றபடியே கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ நேத்து சமையலறையிலயே உங்களுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"லாக் இல்லைன்னு தெரியும். வண்டி தெரியாது."

"அதையாவது சொல்லியிருக்கலாம்ல அக்கா? நேத்து ராத்திரி பூரா நான் என்னையே சந்தேகப்பட்டேன். ஒருவேளை மணி அடிச்சு நான்தான் கேக்கலையோன்னு."

பம்பரம் கணினிப் பக்கம் திரும்பி, "இப்பவே தரத்தை மாத்தணும். எதுல வைக்கிறதுன்னுதான் தெரியலை," என்றாள்.

"எல்லாத்தையும் எழுதட்டும்," என்றேன் நான்.

"எழுதினா வயிறு நிரம்பி மறுபடி நிக்கும் அண்ணி. நிக்காட்டியும், ஒரு நாளைக்கு மூணு லட்சம் வரியை யாரு படிப்பா? அதுக்குள்ள 'பதினேழு பதில் இல்லை'ன்னு ஒரு வரி இருந்தா உங்க கண்ணுல படுமா?"

"அப்ப முக்கியமானதை மட்டும்."

"அப்படி நெனச்சுத்தான் எரர்ல வெச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. செவிலியர் குறிப்பில் இதே சண்டையை நாற்பது வருஷம் பார்த்தவள் நான். நோயாளி திரும்பிப் படுத்ததைக்கூட ஒருத்தி எழுதுவாள். இன்னொருத்தி, ஆள் போன பிறகு நேரத்தை மட்டும் எழுதுவாள். எது சரி என்று நான் யாரையும் ஒப்புக்கொள்ளச் செய்ததில்லை.

நெட்டைதான் பேசினாள். "திங்கட்கிழமையில இருந்து எல்லாரும் என்னைக் கேட்டது மூணே கேள்வி. எப்ப அமுக்கினாரு? எப்ப உனக்கு வந்துச்சு? எப்ப போன? மேலாளர் கேட்டார், ஓட்டுநர் ஐயாவோட பொண்ணு கேட்டா, டாக்டர் கேட்டார். அந்த மூணையும் உங்க பெட்டி தினமும் எழுதி வெச்சா என்ன? என்னைக் கேக்கிறதை அதைக் கேக்கட்டும்."

பம்பரம் விசைகளைத் தட்டுவதை நிறுத்தினாள். "அது மூணும் இன்ஃபோ," என்றாள் மெதுவாக. "ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு வரிதான் வரும். படிக்கலாம்."

"அந்த 'பதில் இல்லை' வரி?" என்று கேட்டாள் நெட்டை.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா எரர் ஆக்கிடுறேன். லாக்ல மட்டும் இல்லை, மேசைத் திரையில சிவப்பா வந்து சத்தம் போடும். குளிக்கக் கூட்டிட்டுப் போனா நீங்க 'வெளியே'ன்னு ஒரு பட்டனைத் தட்டுங்க. தட்டினா சும்மா இருக்கும்."

"தட்ட மறந்தா?"

"கத்தும்."

"கத்தட்டும். நாங்க ஓடிப் பழகினவங்கதான்," என்றாள் நெட்டை. "சேதி மொத தடவை போகாம மூணாவது தடவைல போய்ச் சேர்ந்தா?"

"அது வார்னிங். காலையில ஒரு தடவை நான் படிப்பேன். 'இருக்கிறேன்' சொல்றது மட்டும் டீபக். அதை ரிப்பேர் நாள்ல திறந்தா ஒரு மணி நேரத்துல தானா அணைஞ்சுடுற மாதிரி செய்யுறேன். நான் அணைப்பேன், திறப்பேன்னு இனிமே என்னை நம்ப முடியாது. முப்பது நாள் ஆன லாக் தானா அழிஞ்சுபோகும்." பிறகு சொன்னாள்: "பத்து வரி வேலை. அந்த ஞாயித்துக்கிழமையே செஞ்சிருக்கலாம்."

ஏழு மணி வரை எழுதினாள். பிறகு மேலாளருக்கு ஒரு கடிதம். முதலில் எழுதியதில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று இருந்தது. படித்துப் பார்த்துத் தானே அடித்தாள். இரண்டாவதில் 'தற்காலிகமாக' என்று இருந்தது. அதையும் அடித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கடிதம் இருந்த பையைத் தோள் மாற்றித் தோள் போட்டுக்கொண்டே வந்தாள். "இந்த இல்லம் போச்சுன்னா எனக்குப் பல் டாக்டரும் ஒரு நூலகமும்தான் மிச்சம்," என்றாள் தெருமுனையில். "தெரியும்," என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் காலை எட்டு மணிக்கே அங்கே இருந்தோம். மேலாளர் இன்னும் காப்பி குடிக்கவில்லை. பத்து மணிக்குத்தானே என்றார். இவள் உட்காராமல், நின்றபடி கடிதத்தைப் படித்தாள். மூன்றே வாக்கியம். பதினொரு மாதமாக மணி அடித்த விவரம் எதுவும் பதிவாகாதபடி வைத்தது நான்தான். 'பிழை எதுவும் இல்லை' என்று நான் எழுதியதற்கு எந்த மதிப்பும் இல்லை. தினமும் மூன்று மணிக்குப் பதினேழாம் படுக்கையின் மணி சலவை வண்டியால் தடைபட்டிருக்கிறது, நேற்று சோதித்துப் பார்த்த பதிவு இணைத்திருக்கிறேன்.

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க எழுதிக் கொடுத்ததை வெச்சுத்தானே மேடம் நான் மெமோ கொடுத்தேன்?"

"ஆமாங்க. கண்ணைக் கட்டிட்டு நின்னவன் நான் எதையும் பாக்கலைன்னு சாட்சி சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

"இது நேத்து நடந்தது. திங்கட்கிழமையும் இப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"என்னால சொல்ல முடியாது. அதுக்கு லாக் இல்லை. சலவைக்காரர் சொல்வார். ஆனா லாக்கைக் காட்டி அவளை வேலையை விட்டு அனுப்பவும் உங்களால முடியாது."

அவர் நெற்றியைத் தடவினார். "அந்த ஓட்டுநரோட பொண்ணு தினம் ரெண்டு தடவை போன் பண்றாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"நம்பரைக் கொடுங்க. நானே சொல்றேன்."

அங்கேயே நின்று பேசினாள். அந்தப் பக்கம் ஆறு நிமிஷம் திட்டியது. எங்களுக்கே கேட்டது. இவள் "ஆமாங்க" என்றாள், "என் தப்புதாங்க" என்றாள், ஒரு தடவைகூட "ஆனா" என்று சொல்லவில்லை. பேசி முடித்துப் போனைக் கீழே வைத்தாள்.

"உங்க ஒப்பந்தத்தைப் பத்தி அடுத்த வாரம் பேசணும்," என்றார் மேலாளர்.

"பேசலாங்க. முதல்ல அந்த மெமோ."

ஒன்பதரைக்கு நெட்டை வந்தாள். மெமோவை விட்டுவிடலாம், போய் வேலையைப் பார் என்றார் மேலாளர். அவள் நகரவில்லை.

"கொடுத்தது எழுத்துல சார். திரும்ப எடுத்துக்கறதும் எழுத்துல இருக்கட்டும்."

தட்டச்சு செய்தார்கள். முத்திரை வைத்தார்கள். நெட்டை அதை வாசலில் நின்று படித்தாள். நாலு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். பம்பரத்தைத் திரும்பிப் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு, விசாரணை நடக்கவேண்டிய நேரத்தில், பம்பரம் ஸ்டூல்மேல் ஏறித் துளைப்பானால் சுவரில் ஓட்டை போட்டாள். பெட்டி இனி கதவு உயரத்துக்கும் மேலே. சலவைக்காரர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். செங்கல் தூள் முழுக்க அவர் வண்டியில் இருந்த வெள்ளை விரிப்புகளின்மேல் கொட்டியது.

"ஏம்மா, துவைச்சது! இப்பத்தான் துவைச்சது!"

"அசையாதீங்க, விழுந்துடுவேன்!"

இருபத்திரண்டு விரிப்பு. கோடியில் இருந்து நெட்டை வந்து பார்த்தாள். இரண்டு கை நிறைய அவற்றை அள்ளிக்கொண்டு சலவை அறைக்குத் திரும்ப நடந்தாள். மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.